போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்

எங்கள் ஊர் டீக்கடைக்கு அந்த மனிதர் ஒரே தடவையில் வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. வாசல் வரை வருவார். பெஞ்சில் யார் யார், பேப்பர் யார் கையில், பால் கொதிக்கிறதா ஆறிக் கிடக்கிறதா, எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு திரும்பி ரோட்டுக்கே போய்ச் சைக்கிள் பக்கத்தில் கொஞ்சம் நிற்பார். அப்புறம்தான் உள்ளே வருவார். அப்படி வரும்போது மட்டும் தடுமாற்றமே இருக்காது. நேராகப் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய டீயைச் சொல்லுவார்.

“முதல் தடவ வந்தப்பவே உக்காந்திருந்தா டீ இந்நேரம் வயித்துக்குள்ள போயிருக்குமே சார்” என்பார் டீ ஆற்றுகிறவர்.

“போயிருக்கும். ஆனா பழனிக்குப் பக்கத்துல உக்காந்திருப்பேன். அவரு என் டீயையும் சேத்துக் குடிச்சிருப்பாரு.”

பழனி உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். ‘போய்வந்த சார்’ என்று பெயர் வைத்ததே பழனிதான் என்று நினைக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இல்லை, பெரிய காலேஜில். சொந்த ஊர் கடற்கரைப் பக்கம், மீன் பிடிக்கிற குடும்பம். காலேஜ் இருந்த டவுனில் வாடகைக்கு வீடு கேட்டு அலைந்திருக்கிறார். வீட்டில் மீன் சமைப்பார் என்று ஒருத்தரும் கொடுக்கவில்லை. நன்னிலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருக் கோடியில், வாய்க்கால் ஓரமாக ஓர் ஓட்டு வீடு காலியாகக் கிடந்தது. அதைப் போய்ப் பார்த்தார், திரும்பிப் போனார், மறுநாள் பெட்டியோடு வந்தார். எங்கள் தெருவில் மீன் சமைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்ணத்தோடு வருவார்கள். அவர் இடம் பார்த்து வந்தது சரியாகத்தான் இருந்தது.

அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது என் மனைவி. அங்கே ஆரம்பிக்கிறது என் கதை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படித்தது ஐந்தாவது. மிச்சத்தையெல்லாம் விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் பேப்பரை உரக்கப் படித்துக் கற்றுக்கொண்டேன். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகப் படிக்க ஆரம்பித்தது, பிறகு பேச்சாகிவிட்டது. கூலிப் பேச்சுவார்த்தை, கூட்டம், பஞ்சாயத்து எதுவானாலும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் வருகிற நல்ல பேச்சை நான் விடமாட்டேன். நாற்றங்காலில் ஒரு கிழவி சொன்னதைத் தாசில்தார் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

தையல்நாயகி என் அத்தை மகள். எங்கள் தெருவில் முதலில் காலேஜ் போனவள். புதிதாக ஒரு கட்சி ஆட்சிக்கு வந்திருந்த காலம். ஹாஸ்டலில் சோறு போட்டுப் படிக்க வைத்தார்கள். அவளும் விடாமல் கணக்கில் எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்து, பின்னால் சார் வந்து சேர்ந்த அதே காலேஜில் வேலைக்கும் போய்விட்டாள். ஐந்தாவது படித்தவனைக் கட்டிக்கொள்ள மாட்டாள் என்று என் அம்மாவே சொல்லிவிட்டாள். கேட்கப் போனவர்களிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம். “மாமா பேசினா நாள் பூரா கேட்டுக்கிட்டு இருக்கலாம்.”

அதற்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். வேறு எதற்காகவும் இல்லை. நிலமில்லை, நிறமில்லை, படிப்பில்லை. என் பேச்சை அவள் கேட்கிற வரைக்கும் அவள் என்னுடையவள் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சாயந்தரமானால் அவர் வந்தார். வாசலில் ஒரு தடவை எட்டிப் பார்த்து, வாய்க்கால் வரை திரும்பிப் போய், மறுபடி வருவார். இருவரும் சேர்ந்து ஒரு கணக்கைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதற்குத் தமிழில் ‘மாறுபாட்டுச் சமனிலி’ என்று பெயர் வைத்திருந்தாள் தையல்நாயகி. அப்போது காலேஜிலும் தமிழில் படிக்கலாம் என்று வந்திருந்தது, வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். பழைய கதவுப் பலகை ஒன்றை நானே இழைத்து, கரியும் கோவை இலையும் அரைத்துப் பூசிச் சுவரில் சாய்த்துக் கொடுத்திருந்தேன். அவள் எழுத வேண்டும், நான் பார்க்க வேண்டும் என்று செய்த பலகை. அதில் அவர் கையெழுத்து ஏறியது.

தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. கதவு திறந்தே இருக்கும். என் மாமியார் அடுப்படியில் இருப்பாள். நானே பக்கத்தில் இருப்பேன். அதுதான் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தபடி, என் மனைவி இன்னொருத்தர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். அவர் பாதி சொல்லும்போதே அவளுக்கு மீதி புரிந்துவிடும். “ஆனா சார்” என்பாள். “அதான்” என்பார் அவர். என்ன ஆனால், எது அதான், எனக்கு ஒரு எழவும் தெரியாது. நான் வயக்காட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சை எடுத்துவிட்டால், “ம்” என்பாள். அந்த ‘ம்’ எப்படிப்பட்டது என்று கட்டிக்கொண்டவனுக்குத் தெரியும்.

போதாததற்கு அவர் பேச்சை அவள் சொல்ல ஆரம்பித்தாள். குழம்பில் உப்பு பார்க்கும்போது, “போய்ப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்” என்பாள். பஸ்ஸுக்கு வரப்பில் நடக்கும்போது, “எட்டைச் சின்னதா வைக்கணும் மாமா” என்பாள். நான் ஊரெல்லாம் பொறுக்கி வந்த பேச்சுக்கு வீட்டில் இடமில்லாமல் போயிற்று.

அவருக்கும் கல்யாணப் பேச்சு நடந்தது. குடவாசலில் ஒரு நல்ல பெண். போய்ப் பார்த்தார், பஜ்ஜி சாப்பிட்டார், வந்தார். மறுபடி போகவில்லை. பெண் வீட்டார் எங்கள் தெருவரைக்கும் வந்து சத்தம் போட்டார்கள். நான்தான் சமாதானம் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். என்ன குறை என்று கேட்டதற்கு, “பொண்ணு தங்கமான பொண்ணு தோழர். அந்த வீட்டுல மாப்பிள்ளையா ஒரு வருஷம் கழிச்சு மனசுக்குள்ள நின்னு பாத்தேன். அதுக்கு எங்கிட்ட பேச ஒண்ணுமில்ல, எனக்கு அதுகிட்ட பேச ஒண்ணுமில்ல” என்றார்.

“எல்லாரும் பேசிக்கிட்டேவா சார் குடும்பம் நடத்துறாங்க?”

“நீங்க நடத்துறீங்களே” என்றார்.

அதை அவர் வாயால் கேட்டதும் நான் பேச்சை மாற்றினேன்.

இந்தப் பழக்கம் கடலில் வந்ததா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அலைக்கு வெளியே போய் நீரோட்டம் பார்த்துவிட்டுத் திரும்புவார்களோ என்னவோ என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “எங்கப்பா போய்ப் பாக்காமப் போனவரு தோழர்” என்றார். அப்புறம் செயினை ஒரு சுற்றுச் சுற்றி, “இன்னும் கொஞ்சம் எண்ணெய் வேணும்” என்றார். நான் போய் எடுத்து வந்தேன். இப்படிப்பட்ட ஆள்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாது. அது இன்னும் பெரிய எரிச்சல்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், அப்படி என்னதான் சார் எழுதறீங்க ரெண்டு பேரும் என்று கேட்டேன். கேட்ட விதத்தில் கொஞ்சம் காரம் இருந்திருக்கும். தையல்நாயகி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க, வெளிய போய்ச் சொல்றேன்” என்றார்.

குறுவை அறுத்த தாள் நின்ற வயல். என்னை உள்ளே இறக்கிவிட்டு அவர் வரப்பில் நின்றார்.

“இந்த வயலுக்குள்ளதான் நீங்க நடமாடலாம். வரப்பைத் தாண்டக் கூடாது. எங்க நின்னாலும் ஒரு தள்ளு இருக்கு. காத்துன்னு வச்சுக்குங்க. எடத்துக்கு எடம் வேற வேற பக்கம் தள்ளும். தள்ற பக்கம் ஒரு எட்டு வைங்க. வரப்புக்கு வெளிய போயிட்டா, கிட்டக்க இருக்கிற வரப்புமேல வந்து நில்லுங்க. மறுபடி எட்டு வைங்க.”

“எங்க போய் முடியும்?”

“ஒரு எடம் வரும். அங்க தள்ளு உங்கள வரப்புக்கு வெளியதான் தள்ளிக்கிட்டு இருக்கும். வயலுக்குள்ள எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தள்ளு கூட வராது. அதுதான் நாங்க தேடுற விடை.”

“நிம்மதியான எடம்னு சொல்லுங்க.”

“நிம்மதின்னு நான் சொல்லல தோழர். தள்ளு இருந்துக்கிட்டேதான் இருக்கும். நகர எடமில்ல, அவ்வளவுதான்.”

இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. பேச்சுவார்த்தை மேஜையில் நான் உட்கார்ந்த இடமெல்லாம் அப்படிப்பட்ட இடம்தான். அப்புறம் அவர், மதகு திறந்துவிட்ட இடத்தில் தண்ணீர் சுழிக்குமே, அதுபோலத் தள்ளு சுழலாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சுழலின் நடுவில் தள்ளே இருக்காது, அங்கே அதுதான் விடை. தள்ளுகிற பக்கமே எட்டு வைத்துப் பாருங்கள் என்றார். நட்ட நடுவில் ஒரு தாள்கட்டை அடையாளம் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் பக்கவாட்டில் எட்டு வைத்தேன். சுற்றினேன். சுற்றச் சுற்ற வட்டம் பெரிசாகிக்கொண்டே போய் வரப்பில் முட்டினேன்.

“நீங்க நிக்கிற எடத்துத் தள்ளை மட்டும் நம்பினீங்க. அதான்” என்றார். “இப்ப இப்படி செய்யுங்க. ஒரு எட்டு போங்க. அங்க தள்ளு எந்தப் பக்கம்னு பாருங்க. பாத்துட்டு, முன்ன நின்ன எடத்துக்கே திரும்பிடுங்க. இப்ப, அங்க பாத்த தள்ளை வச்சுக்கிட்டு இங்கேருந்து எட்டு வைங்க.”

அப்படிச் செய்தேன். போனேன், பார்த்தேன், திரும்பினேன், வைத்தேன். போனேன், பார்த்தேன், திரும்பினேன், வைத்தேன். வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், போய்வந்த சார் இன்னொருத்தரையும் பிடித்துக்கொண்டார் என்று சிரித்தார்கள். தையல்நாயகி எப்போது வந்து நின்றாளோ, “எட்டைச் சின்னதா வைங்க மாமா” என்று கத்தினாள். வட்டம் சுருங்கியது. என் காலே என்னைத் தாள்கட்டை இருக்கிற பக்கம் கொண்டுபோயிற்று.

எவ்வளவு தூரம் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இருவரும் தேடிக்கொண்டிருந்தார்களாம். ரொம்பப் போனாலும் கெட்டது, போகாமலிருந்தாலும் கெட்டது. இங்கே இருக்கிற தள்ளும் அங்கே இருக்கிற தள்ளும் ரொம்ப வித்தியாசப்பட்டால் எட்டைப் பாதியாக்கு, மறுபடி பார், மறுபடி பாதியாக்கு. வேலை செய்கிறது என்று தெரியும், எப்போதும் செய்யும் என்று நிரூபிக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவளும் அவரும் அதைத்தான் பேசினார்கள். நான் பின்னால் நடந்தேன். எனக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்தது. விளைந்தால் எங்கள் பக்கம் வம்பும் விளையும். அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப்படி கூட வேண்டும் என்று சங்கம் கேட்டது. முந்தின வருஷமும் இதேதான் கேட்டோம். நாங்கள் அறுக்க மாட்டோம் என்றோம், பண்ணை வெளியூர் ஆளை இறக்கினார், நாங்கள் ரோட்டை மறித்தோம், அவர் போலீஸைக் கூப்பிட்டார், நாங்கள் களத்தை முற்றுகையிட்டோம், அவர் வழக்குப் போட்டார். எங்கள் ஆட்கள் கை ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், அவர் நெல் மழையில் முளைத்தது. கூலி மட்டும் நகரவில்லை. எங்கள் சங்கத்துக்கு ஒரே பாடம்தான் தெரியும். சபையில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கக் கூடாது. பின்வாங்க மாட்டோம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்ததே என் கைதான்.

இந்த வருஷமும் அறுப்புக்கு வரமாட்டோம் என்று மறுநாள் காலை கூட்டத்தில் நான் அறிவிப்பதாக ஏற்பாடு. கொட்டகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் செயலாளர் கோவிந்து அண்ணன் இருந்தார். வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய சாரைத் தையல்நாயகி கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கொட்டகை ஒன்றுதான் எனக்கென்று மிச்சமிருந்தது.

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “தோழர், நாளைக்கு அறிவிச்சுட்டீங்கன்னு வச்சுக்குங்க. அங்க போய் நில்லுங்க. என்ன தெரியுது?”

“ஒரத்தநாட்டுப் பக்கத்துலேருந்து லாரில ஆள் வந்து எறங்குது.”

“அங்க நின்னுக்கிட்டு உங்களுக்கு எந்தப் பக்கம் போகணும்போல இருக்கு?”

யோசிக்காமல் வாயில் வந்தது. “அந்த லாரிக்காரங்ககிட்ட பேசணும்போல இருக்கு. அவங்களும் நம்ம மாதிரி கூலிதான.”

“பேசலாம். ஆனா அப்ப அவங்க முன்பணம் வாங்கியிருப்பாங்க. நடுவுல போலீஸ் நிக்கும். அதனால திரும்பிடுங்க. ஒண்ணும் அறிவிக்காத இன்னைக்கே வந்து நில்லுங்க. இங்கேருந்து அந்தப் பக்கம் எட்டு வைங்க.”

கோவிந்து அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். “சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கச் சொல்றாரா வாத்தியாரு? நம்ம சங்கத்துல அந்தப் பழக்கம் இல்ல.”

“இன்னும் சொல்லலையேண்ணே” என்றாள் தையல்நாயகி. “மனசால போய் நின்னுட்டு வந்ததுக்குப் பேரு பின்வாங்குறதா?”

எனக்கு அதை நான் சொல்லியிருக்க வேண்டும் போலிருந்தது. கோவிந்து அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரத்தநாட்டு பஸ் எப்போது என்று கேட்டேன்.

அங்கே போய்ப் பேசியது நான். இதை யாரும் மறுக்க முடியாது. ஒரு புளியமரத்தடியில் அந்த ஊர்க் கங்காணியையும் அவர் ஆட்களையும் உட்கார வைத்துக்கொண்டு பேசினேன். எங்கள் ஊர்க் கிழவி பேச்சு, அவர்கள் ஊர்க் கிழவி பேச்சு, எல்லாவற்றையும் கலந்து போட்டேன். கடைசியில் கங்காணி சொன்னார்: “எங்க ஊரு அறுப்புக்கு உங்க ஆளு ஒருத்தரும் லாரி ஏற மாட்டீங்கன்னா, உங்க ஊருக்கு நாங்களும் ஏறல. வெத்தலை போடுங்க.” போட்டோம். அந்தச் சாறு இன்னும் நாக்கில் இருக்கிறது.

பேச்சுவார்த்தையில் பண்ணை கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஆளுக்கா பஞ்சம் என்றார். நாங்கள் வழக்கம்போல் எகிறவில்லை. அனுப்பிப் பாருங்க ஐயா என்றேன், அவ்வளவுதான். லாரி போயிற்று. காலியாக வந்தது. நெல் தலை சாய்ந்து நின்றது. அவரும் வேறு இரண்டு ஊருக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, தாசில்தார் மூலமாக அரைப்படிக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார். ஒரு தலை உடையவில்லை. போலீஸ் வண்டி வந்து, பார்த்து, திரும்பிப் போயிற்று.

கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வழி சொன்னது சார் என்று மைக்கிலேயே சொன்னேன். சொல்லாமலிருக்க முடியாது, சொல்லித்தான் பழக்கம். கைதட்டல் எனக்கு விழுந்ததைவிட அவருக்குப் பலமாக விழுந்தது. சார் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுச் சைக்கிள் பக்கம் திரும்பிவிட்டார். மறுபடி உள்ளே வருவார் என்று எல்லோரும் வழிவிட்டு நின்றோம். அன்றைக்கு அவர் வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது தையல்நாயகி முகம் பளபளவென்று இருந்தது. “சார் சொன்னது அப்படியே நடந்துச்சுல்ல மாமா? வயலுக்கும் சரியா வருது, ஆளுக்கும் சரியா வருது.”

“பேசினது நான்” என்றேன்.

“பேசினது நீங்கதான். நான் இல்லேன்னு சொன்னனா?” என்றாள். சைக்கிளில் தானாக ஏறி உட்கார்ந்துவிட்ட பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரலுக்கு அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வருவது குறைந்தது. வாசல் வரை வந்து திரும்பிப் போவார். அந்தத் திரும்பல் சில நாள் திரும்பலாகவே நின்றுவிடும். பலகையில் பாதிக் கணக்கு காத்துக்கிடக்கும். அவள் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் பார்ப்பாள். வராததும் எனக்கு எரிந்தது. வந்தபோது எரிந்ததைவிடக் கூடவே எரிந்தது. வந்தால் வந்துவிட்டான் என்று இருக்கும். வராதபோது அவள் பார்க்கிற பார்வையை நான் பார்க்க வேண்டியிருந்தது.

பங்குனியில் ஒரு நாள், பழைய வழக்கு விஷயமாக நான் குடவாசல் போயிருந்தேன். திரும்பி வந்ததும், சார் வந்துட்டுப் போனாரு என்றாள் தையல்நாயகி.

அன்றைக்கு மட்டும் அவர் வாசலில் எட்டிப் பார்த்துத் திரும்பவில்லையாம். நேராக உள்ளே வந்தாராம். என் மாமியார்கூட, என்னடா இது புதுசா இருக்கே என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாளாம். டீ வேண்டாம் என்றிருக்கிறார். பலகையில் இருந்ததைப் பார்த்து, ஒரு வரியை அழித்துச் சரியாக எழுதியிருக்கிறார். அதுதான் அவர்கள் தேடிக்கொண்டிருந்த கடைசி வரி. அப்புறம் சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொன்னாள். அவளுக்குக் கூட்டவும் வராது, குறைக்கவும் வராது.

“ஒரு எடத்துக்குப் போய் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்மா. அங்கேருந்து பாத்தா ஒண்ணு நல்லாத் தெரியுது. நான் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. தருமபுரிப் பக்கம் மாத்தல் கேட்டேன், கொடுத்துட்டாங்க.”

இவள் கேட்டிருக்கிறாள். “எந்த எடத்துக்கு சார்?”

“திரும்பிட்டேனே, அதை எதுக்குச் சொல்லணும்?”

அவ்வளவுதான். தோழரைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் நான் அவர் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தபோது ஓட்டு வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண், சார் தன் மீன் சட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்லி எங்களுக்கும் ஒரு சட்டியை நீட்டினாள்.

நான் மந்தமான ஆளில்லை. அவர் எந்த இடத்தில் போய் நின்றார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இந்த வீட்டுக்குள், என் இடத்தில், அவர் போய் நின்றிருக்கிறார். அங்கிருந்து என்னைப் பார்த்திருக்கிறார், அவளைப் பார்த்திருக்கிறார், தெருவைப் பார்த்திருக்கிறார். பார்த்ததை எடுத்துக்கொண்டு, நின்ற இடத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்து கிளம்பிவிட்டார். என்னிடமிருந்து ஒன்றைப் பறிக்க வந்தவனாக இருந்தால் நான் மல்லுக்கு நின்றிருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன், பேசியே தோற்கடித்திருப்பேன். ஒரு வார்த்தைகூடப் பேச வாய்ப்பில்லாமல், தானாகவே திரும்பிப் போய்விட்டார். இப்படி ஜெயித்ததில் எனக்கு என்ன இருக்கிறது? விட்டுக் கொடுக்கப்பட்ட பொருளைப்போல என் வீட்டிலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

தையல்நாயகி அழவில்லை, பெருமூச்சு விடவில்லை, சரியாகச் சாப்பிட்டாள். அந்தக் கட்டுரையை அவளே எழுதி முடித்து, இரண்டு பேர் பெயரும் போட்டு அனுப்பினாள். யார் பெயர் முன்னால் என்று நான் கேட்கவில்லை. அகர வரிசை என்று அவளே சொன்னாள்.

சில மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் பாயில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாக நெஞ்சுக்குள் இருந்ததோ, கேட்டுவிட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், அவர்கள் கணக்கை வைத்தே கேட்டேன்.

“உங்க கணக்குக்கு விடை ஒண்ணுதானா தையலு?”

அவள் பேனாவை நிறுத்தினாள். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதியிலேயே புரிந்துகொள்கிற பழக்கம் அவளுக்கு என்னோடும் இருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன்.

“ஒண்ணாத்தான் இருக்கணும்னு இல்ல மாமா. நிறைய இருக்கலாம்.”

“அப்ப எதுல போய் நிப்பீங்க?”

“எங்கேருந்து கிளம்பறோமோ அதைப் பொறுத்து.”

அவள் கிளம்பியது எங்கள் தெருவிலிருந்து. அது எனக்குத் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் பெருகினால் அவள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். அந்த மட்டில் விட்டிருக்கலாம். விடவில்லை.

“நீ கடற்கரையில பொறந்திருந்தா?”

அவள் யோசித்தாள். அவசரப்படாமல், யாரோ ஒரு மாணவன் நல்ல கேள்வி கேட்டுவிட்டதுபோல் யோசித்தாள்.

“அப்ப இந்தத் தாளையெல்லாம் அங்க உக்காந்து திருத்திக்கிட்டு இருப்பேன்” என்றாள்.

சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எந்த ஊரில் பிறந்தாலும் உங்களைத்தான் தேடி வந்திருப்பேன் மாமா என்று ஒரு வரி. நானாக இருந்தால் அழகாகச் சொல்லியிருப்பேன், கேட்டவள் கண் கலங்கியிருக்கும். அவள் சொல்லமாட்டாள். நானும் இனிக் கேட்கமாட்டேன். விசிறியை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். தாள் பறக்கிறது என்றாள். மெதுவாக விசிறினேன்.